தங்கவயல் முதல் கண்டீரவா வரை – 23: கூலிக்கு ஆடிய துரை

கதை இதுவரை: 1946-47 தொடங்கி 1968-69 வரை நான்கு முறை சந்தோஷ் கோப்பையைத் தூக்கிய மைசூர் மாநிலம் அதன்பின் மெல்லத் தேய்ந்தது. சுரங்க லைன்களிலும் பெங்களூர் தண்டுப் பகுதியின் சந்துகளிலும் பந்து உதைத்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவை கம்பெனி அணிகள்தான். காலையில் ஐ.டி.ஐ.யிலோ எச்.ஏ.எல்.லிலோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிற்பகலில் மைதானத்துக்குப் போகலாம். கால் ஓய்ந்த பிறகும் வேலை இருக்கும், அதற்குப் பிறகு பென்ஷன். 2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. ஐ.டி.ஐ. நொடித்தது. கடைசியாக மிஞ்சிய எச்.ஏ.எல். அணியும் 2012-இல் ஐ-லீகின் அடிமட்டத்தில் முடித்து வெளியேறியது.

ஆட்டக்காரர்களைப் பெற்றெடுத்த ஊருக்கு, தேசிய லீகில் சொல்லிக்கொள்ள ஓர் அணி இல்லை. அங்கேதான் போன வாரம் நிறுத்தினோம்.

*

2013 ஜூலை. 36 வயது ஆங்கிலேயர் ஒருவர் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் ஆஷ்லி வெஸ்ட்வுட்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட அணிக்கு அப்போது வயது ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் ஐ-லீகில் நேரடியாக இடம் வாங்கித் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி. அது. பழைய கோப்பை இல்லை, பரம்பரை எதிரி இல்லை, சொந்த மைதானமும் இல்லை. அசோக் நகரில் இருக்கும் மாநிலக் கால்பந்துச் சங்கத்தின் செயற்கைப்புல் மைதானத்தில் ஆட்டம் என்று முடிவானது. ஆஸ்டின் டவுனும் நீலசந்திராவும் கூப்பிடு தூரம். அந்தத் தெருக்களில் தமிழ் கேட்காமல் நடக்க முடியாது.

தங்கவயல்காரர்களுக்கு ஆங்கிலேயர் ஒன்றும் அதிசயம் அல்ல. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்த காலத்திலிருந்து, ஒப்பந்தத்தில் வந்து பங்களாவில் குடியிருந்து, தவணை முடிந்ததும் கப்பலேறிப் போன துரைமார்களை ஊர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கியவர்கள் வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள். மேலே நின்று கணக்கு எழுதியவர்கள் துரைமார்.

இந்தத் துரை வேறு வகை. இவரே இறங்கி வேலை பார்த்தவர்.

*

வெஸ்ட்வுட் 1976-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் பிறந்தவர். சிறுவயதில் சேர்ந்தது மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில். 1995-இல் எஃப்.ஏ. இளைஞர் கோப்பையை வென்ற அந்த கிளப்பின் பிள்ளைகளில் இவரும் ஒருவர். இதைச் சொன்னதும் நமக்கு பெக்காம் நினைவு வரும். அவசரப்பட வேண்டாம். யுனைடெட்டின் பெரிய அணிக்கு இவர் ஒரு நாளும் ஆடவில்லை. அந்த வாசலில் நிற்கும் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேரை வெளியே அனுப்பிவிடுவார்கள். இவரையும் அனுப்பினார்கள்.

பிறகு க்ரூ, பிராட்ஃபோர்ட், ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, நார்தாம்ப்டன், செஸ்டர், ஸ்டீவனேஜ், ரெக்ஸாம் என்று ஊர் ஊராகப் பிழைப்பு. இடையில் 1999-இல் பிராட்ஃபோர்ட் அணி 77 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டிவிஷனுக்கு ஏறியபோது அதில் இருந்தார். பிரீமியர் லீகில் சில ஆட்டங்கள் ஆடினார். அவ்வளவுதான் உச்சம். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கீழ் டிவிஷன்களுக்கு இறக்கம்தான்.

இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் கால்பந்து என்பது வாரக்கூலி வேலை. முட்டி போனால் ஆள் போச்சு. பகலில் கிளார்க், மாலையில் ஆட்டக்காரன் என்ற நம்மூர் ஏற்பாடு அங்கே கிடையாது. உடம்பு ஒன்றே முதல். அதைப் பேணத் தெரிந்தவனுக்குக் கூடுதலாக நான்கு வருடம் கிடைக்கும். வெஸ்ட்வுட் தெரிந்துகொண்ட பெரிய பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். பெங்களூரில் அவர் செய்த எல்லாமே இதிலிருந்துதான் கிளைத்தது.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் வேலை. போர்ட்ஸ்மத், பிளாக்பூல், பிளாக்பர்ன் மூன்றிலும் மைக்கேல் ஆப்பிள்டனுக்குக் கீழே இருந்தார். பிளாக்பர்னில் ஆப்பிள்டனை 67 நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது 2013 மார்ச். ஜூலையில் பெங்களூர்.

*

உள்ளூரில் பெரிய பேர் வாங்காத ஆங்கில ஆட்டக்காரர்கள் வெளிநாட்டில் போய்ப் பயிற்சியாளராக நிமிர்ந்தது பழைய கதை. பர்ன்லியிலும் ஃபுல்ஹாமிலும் ஆடிய ஜிம்மி ஹோகன் முதல் உலகப் போர்க் காலத்தில் புடாபெஸ்டில் பாடம் நடத்தினார். 1953-இல் ஹங்கேரி வெம்ப்ளிக்கே வந்து இங்கிலாந்தை 6-3 என்று நொறுக்கியபோது, ஹங்கேரிக்காரர்கள் அந்தப் பெருமையில் ஹோகனுக்குப் பங்கு கொடுத்தார்கள். ஜார்ஜ் ரேனர் இன்னொருவர். ஸ்வீடனுக்குப் போய் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக் கொடுத்தவர்.

அதே 1948 ஒலிம்பிக்கில்தான், இந்தத் தொடரின் தொடக்கத்தில் நாம் பார்த்த பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன், பிரான்ஸுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் கோலை அடித்தார். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம். இரண்டு பெனால்ட்டிகள் வீணாகி 1-2 என்று தோற்றோம். திறமைக்குக் குறைவில்லாத ஓர் அணி, பழக்கம் போதாமல் தோற்ற கதை அது. அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு ரேனர் நம் பக்கம் வரவில்லை. 65 ஆண்டு கழித்து வந்தவர் ரேனர் அளவுக்கு ஆளா என்பதை வாசகர்கள் போகப்போகப் பார்க்கலாம்.

*

வெஸ்ட்வுட் முதலில் கை வைத்தது பந்தில் அல்ல, தட்டில்.

என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எடை எவ்வளவு, எத்தனை மணிக்கு வந்து நிற்பது எல்லாவற்றுக்கும் கணக்கு வந்தது. எதிரணியின் ஆட்டத்தை வீடியோவில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டினார். காயத்திலிருந்து தேறுவதும் பயிற்சியின் ஒரு பகுதி என்றார். உதவிக்குப் பிரத்யும் ரெட்டி. சுரங்கத்து ஷிப்ட் போல, நேரத்துக்கு இறங்கி நேரத்துக்கு ஏற வேண்டும். நட்சத்திரம் என்று யாருக்கும் விலக்கு கிடையாது.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் மூன்றாவது டிவிஷனில் இது தினசரி நடைமுறை. இந்தியாவில் அதை முழு அணிக்கும், முழு சீசனுக்கும், விடாமல் செய்தவர்கள் குறைவு. கம்பெனி அணிகளின் காலத்தைப் பொற்காலம் என்று பேசும் நம் பெரியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த ஏற்பாடு ஆட்டக்காரனுக்கு வாழ்க்கையைக் கொடுத்தது, ஆனால் ஆட்டத்தை அது அவனுடைய ஓய்வு நேரத்திலேயே வைத்திருந்தது. இரண்டும் உண்மை.

ஆட்களும் கிடைத்தார்கள். போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் இடம் கிடைக்காமல் திரும்பியிருந்த சுனில் சேத்ரி தலைவரானார். தற்காப்பில் நார்தாம்ப்டனில் ஆடிய இங்கிலாந்துக்காரர் ஜான் ஜான்சனும் கென்யாவின் கர்ட்டிஸ் ஒசானோவும். முன்வரிசையில் ராபின் சிங், ஆஸ்திரேலியாவின் ஷான் ரூனி. உள்ளூர் முகமாக நடுக்களத்தில் ஷங்கர் சம்பங்கிராஜ்.

2013 செப்டம்பர் 22, முதல் ஆட்டம். எதிரே மோகன் பகான். ரூனி அடித்த கோல் கிளப்பின் முதல் கோலாகப் பதிவானது, ஆட்டம் 1-1.

அதன்பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 24 ஆட்டங்கள், 14 வெற்றி, 47 புள்ளி. சேத்ரிக்கு மட்டும் 14 கோல். 2014 ஏப்ரல் 21-இல் கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில் டெம்போவை 4-2 என்று சாய்த்தபோது, ஒரு சுற்று பாக்கி இருக்கும்போதே பட்டம் உறுதியானது. பிறந்து ஒரு வருடம் ஆகாத அணி இந்தியாவின் சாம்பியன். மறு ஜனவரியில் அதே ஃபதோர்தாவில் அதே டெம்போவை வீழ்த்தி ஃபெடரேஷன் கோப்பை.

கிழக்கே மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரில் வேலைக்குப் போகும் கூட்டம் சுரங்கம் மூடிய பிறகு ஆயிரக்கணக்கில் பெருகியிருந்தது. நீலச்சட்டை அணியைப் பற்றிய பேச்சு அந்தப் பெட்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து யாரும் அந்த அணிக்குள் போகவில்லை. சம்பங்கிராஜைப் போன்ற ஒரு சிலரை விட்டால், ஆட்டக்காரர்கள் மிசோரம், மணிப்பூர், கேரளம், கோவா என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். அல்சூர் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருப் பிள்ளை மேற்கு ஸ்டாண்டில் கொடி பிடித்தான்.

இதற்கு வெஸ்ட்வுட்டைக் குறை சொல்ல முடியுமா? கூலிக்கு வந்தவரிடம் கேட்டது இந்த வருடத்துக் கோப்பை. பத்து வருடத்துக்குப் பிறகு வரும் பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

*

இனி 2015 மே 31.

ஞாயிற்றுக்கிழமை. இடம் ஸ்ரீ கண்டீரவா மைதானம். அணி இரண்டாவது சீசனில் அங்கே குடிபெயர்ந்திருந்தது. லீகின் கடைசி நாள், கடைசி ஆட்டம். 19 ஆட்டங்கள் முடிந்த நிலையில் மோகன் பகானுக்கு 38 புள்ளி, பெங்களூருக்கு 36. கணக்கு எளிது: பெங்களூர் ஜெயித்தால் 39, பட்டம் தங்கும். டிரா ஆனாலும் பட்டம் கொல்கத்தாவுக்கு.

வந்திருந்த அணியை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஐம்பது வருடம் பெங்களூரின் சிறந்த கால்கள் ஹௌரா ரயிலேறிப் போய் அணிந்த பச்சை-மெரூன் சட்டை அது. 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகம் அதை அணிந்தார். பின்னால் உலகநாதன் அணிந்தார். வெறுங்காலில் ஆடி 1911-இல் ஆங்கில ரெஜிமென்டைத் தோற்கடித்த கிளப். ஆனால் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது. கடைசியாக லீக் பட்டம் வாங்கியது 2001-02-இல். பதின்மூன்று வருடப் பசி. பயிற்சியாளர் சஞ்சய் சென், கொல்கத்தாக்காரர்.

பெங்களூரின் உடம்பிலும் களைப்பு இருந்தது. பிப்ரவரியில் மலேசியா போய் ஜொகூர் அணியிடம் கூடுதல் நேரம் வரை போராடி 1-2 தோல்வி. பிறகு லீக்கோடு சேர்த்து ஏ.எஃப்.சி. கோப்பை. அதே மே மாதக் கடைசி வாரத்தில் இதே கண்டீரவாவில் ஹாங்காங்கின் சவுத் சைனாவிடம் 0-2 தோற்று ஆசியாவிலிருந்து வெளியேறியிருந்தது. மிச்சம் இந்த ஒரு ஆட்டம்.

முதல் 40 நிமிடம் கோல் இல்லை. கோல் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் பகானுக்குச் சாதகம்.

41-ஆவது நிமிடம். கார்னர். கோல் முனையில் கூட்டம். ஜான்சன் பந்தை உள்ளே தள்ளினார்.

1-0. அந்த நொடியில் பட்டம் பெங்களூரில் இருந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் கார்னரிலிருந்து அடித்த கோல் என்பது தற்செயல் அல்ல. செட் பீஸ், அதாவது நின்ற பந்திலிருந்து கோல் எடுப்பது, வெஸ்ட்வுட் வளர்ந்த கீழ் டிவிஷன் கால்பந்தின் சோறும் குழம்பும். அழகாக ஆட வாய்ப்பில்லாத சேற்று மைதானங்களில் அப்படித்தான் பிழைப்பார்கள்.

இடைவேளை. பிறகு 45 நிமிடம்.

இரண்டாவது கோல் வந்திருந்தால் இந்தப் பகுதியை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. வரவில்லை. 60. 70. 80. சேத்ரியின் அணிக்கு இனி வேண்டியது பத்து நிமிடம். மேற்கு ஸ்டாண்ட் உட்காரவே இல்லை.

87-ஆவது நிமிடம். பகானுக்கு ஒரு கார்னர். எடுத்தவர் ஹைதி நாட்டின் சோனி நோர்டே. பந்து வளைந்து வந்தது. நைஜீரியாவின் பெலோ ரசாக், அவரும் தற்காப்பு ஆட்டக்காரர், எல்லாத் தலைகளுக்கும் மேலே எழுந்து முட்டினார்.

1-1.

எந்த வித்தையில் பெங்களூர் முன்னே போனதோ அதே வித்தையில் பட்டம் போனது. கார்னருக்குக் கார்னர், தற்காப்புக்காரருக்குத் தற்காப்புக்காரர். மீதி இருந்த மூன்று நிமிடமும் கூடுதல் நேரமும் எதையும் மாற்றவில்லை. பகான் 39, பெங்களூர் 37. வங்காளத்து ஆட்கள் கண்டீரவாவில் ஆட, உள்ளூர்க்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கொல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் நடந்த சண்டையைத் தீர்த்தவர்கள் ஓர் இங்கிலாந்துக்காரர், ஒரு ஹைதிக்காரர், ஒரு நைஜீரியாக்காரர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அருமைநாயகம் காலத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தோல்விக்கு ஒரு கார்னரை மட்டும் காரணம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. 20 ஆட்டங்களில் 37 புள்ளி எடுத்த அணி மோசமான அணி இல்லை. நான்கு போட்டிகளைச் சுமந்த அணிக்கு, கடைசி வாரத்தில் இறக்கிவிட உயிருள்ள கால்கள் போதவில்லை. உள்ளூரில் ஆள் வளர்க்காத அணிக்கு ஆள் குறையும்போது கடையில்தான் வாங்க வேண்டும். கடையில் அப்போது விலை ஏறிக்கொண்டிருந்தது.

*

விலை எவ்வளவு ஏறியது என்பது ஆறு வாரத்தில் தெரிந்தது.

2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், தன் இரண்டாவது ஆண்டுக்கு இந்திய ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க முடிவு செய்தது. 2015 ஜூலை 10, மும்பை. பெங்களூரு எஃப்.சி.க்கு அந்த லீகில் இடமில்லை. அதன் ஆட்டக்காரர்களுக்கு இருந்தது. சேத்ரியை மும்பை 1 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. நடுக்களத்தின் மூளையான யூஜின்சன் லிங்டோவை 1 கோடியே 5 லட்சத்துக்குப் புனே எடுத்தது. ரினோ ஆண்டோ 90 லட்சத்துக்குக் கொல்கத்தா போனார். வெஸ்ட்வுட் இரண்டு வருடம் தட்டையும் தூக்கத்தையும் எண்ணி எண்ணிச் செதுக்கிய உடம்புகள் ஒவ்வொன்றாக வேறு வேறு ஊருக்கு விலைபோயின.

அவரால் புகார் சொல்ல முடியாத இடம் இது. ஆட்டக்காரன் உழைப்பாளி, உடம்பு அவன் முதல், நல்ல கூலி எங்கே கிடைக்கிறதோ அங்கே போவான் என்பதுதானே அவர் வாழ்ந்த வாழ்க்கை, அவர் இங்கே கொண்டுவந்த பாடம்? சீடர்கள் அதைச் சரியாகத்தான் கற்றிருந்தார்கள். கம்பெனிக்காரன் என்றால் ஐ.டி.ஐ.யை விட்டு அசைந்திருக்க மாட்டான்.

சூப்பர் லீக் டிசம்பர் 20 வரை ஓடும். ஐ-லீக் ஜனவரி 9-இல் தொடங்கும். நடுவில் மூன்று வாரம்கூட முழுசாக இல்லை. வெவ்வேறு பயிற்சியாளர்களிடம் வெவ்வேறு ஆட்டத்தைக் கற்று, வெவ்வேறு சமையலறைகளில் சாப்பிட்டு, களைத்தும் காயம்பட்டும் திரும்பி வரப்போகும் ஆட்களை வைத்து, பகானிடம் விட்ட பட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

வெஸ்ட்வுட் அந்த மூன்று வாரத்தில் என்ன செய்தார்? ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த ஒரே சீசன் முடிந்தபோது இந்த ஊர் அவரைத் தக்கவைத்துக்கொண்டதா, ஜான் டெய்லர் கம்பெனித் துரைமார்களைப் போல வழியனுப்பியதா?

(தொடரும்)